வசவா, வழக்குமொழியா? ஒரு பேச்சை எப்படி எடைபோடுவது

கேள்வி: ஒரு தலைவர் கூட்டத்தில் பேசியதிலிருந்து பதினைந்து விநாடித் துண்டு ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எதிர்க்கட்சிக்காரரைக் கேவலமாகத் திட்டிவிட்டார் என்கிறார் அண்ணன். அது வெறும் சொலவடை என்கிறார் அக்கா. இரண்டு நாளாக ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: அந்தத் துண்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. முழுப் பேச்சைத் தேடி எடுங்கள். சர்ச்சையான வாக்கியத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் ஒரு நிமிடம் கேளுங்கள்.

2008 அமெரிக்கத் தேர்தலில் நடந்ததைப் பாருங்கள். அதிபர் வேட்பாளர் மெக்கெய்னோடு துணை அதிபர் பதவிக்கு நின்ற சேரா பேலின், தன்னைப் போன்ற அம்மாவுக்கும் பிட்புல் நாய்க்கும் லிப்ஸ்டிக் ஒன்றுதான் வித்தியாசம் என்று மாநாட்டில் வேடிக்கையாகச் சொன்னார். ஆறு நாள் கழித்து, மெக்கெய்னை எதிர்த்து நின்ற ஒபாமா, "பன்றிக்கு லிப்ஸ்டிக் பூசினாலும் அது பன்றிதான்" என்றார். பேலினைப் பன்றி என்று சொல்லிவிட்டார், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மெக்கெய்ன் தரப்பு கொதித்தது.

சரி, அந்தப் பேச்சில் பன்றி எது? அதற்கு முந்தைய வரிகளில் ஒபாமா அடுக்கியது மெக்கெய்னின் பொருளாதாரக் கொள்கை, வரிக் கொள்கை, கல்விக் கொள்கை. அடுத்த வரியில், பழைய மீனை 'மாற்றம்' என்ற காகிதத்தில் சுற்றினாலும் எட்டு வருடம் கழித்து நாறும் என்றார். அந்த எட்டு வருடம், மெக்கெய்னின் கட்சிக்காரரான அதிபர் புஷ்ஷின் ஆட்சிக் காலம். ஆக, பன்றியும் மீனும் கொள்கைகள்தான். இதே சொலவடையை மெக்கெய்னும் 2007-ல் ஹிலாரி கிளின்டனின் மருத்துவத் திட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஆனாலும் லிப்ஸ்டிக் என்றதும் பேலின் நினைவுக்கு வந்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆறு நாளாக எல்லார் காதிலும் அந்த வேடிக்கைதானே ஒலித்துக்கொண்டிருந்தது! என் பார்வையில் அது வசவு இல்லை, கவனக்குறைவு.

2017 டிசம்பரில் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான மணிசங்கர் ஐயர் பிரதமர் மோடியை 'நீச்' (இந்தியில் 'தாழ்ந்த', 'இழிந்த') வகை மனிதர் என்றது வேறு ரகம். இந்தி தன் தாய்மொழி இல்லை, ஆங்கிலத்தில் யோசித்துச் சொன்னேன், பிறப்பால் தாழ்ந்தவர் என்ற பொருளில் சொல்லவில்லை என்று விளக்கினார். அதை அப்படியே ஏற்றாலும் சாதிப் பொருள்தான் விலகும். ஒரு மனிதரை இழிவாகச் சொன்னது அப்படியேதான் இருக்கும். ஒரு விளக்கம் வந்தால் அது எதை நீக்குகிறது, எதை மிச்சம் வைக்கிறது என்று பாருங்கள்.

பேச்சு வேறு மொழியில் இருந்தால், அந்த மொழி தெரிந்தவரிடம் மூலத்தைக் கேட்டுப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். 1956-ல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் மேற்கு நாடுகளைப் பார்த்துச் சொன்னது "உங்களைப் புதைப்போம்" என்று ஆங்கிலத்துக்குப் போய், போர் மிரட்டலாகவே பலர் காதில் விழுந்தது. 'நீங்கள் போன பிறகும் நாங்கள் இருப்போம்' என்றும் அந்த ரஷ்ய வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். 1963-ல் அவரே, மண்வெட்டி எடுத்துப் புதைப்பதாகச் சொல்லவில்லை, உங்கள் தொழிலாளி வர்க்கமே அதைச் செய்யும் என்று விளக்கம் சொன்னார்.

அப்புறம், அண்ணனையும் அக்காவையும் முழுப் பேச்சையும் கேட்க வையுங்கள். அந்தச் சொல் யார்மேல் அல்லது எதன்மேல் விழுகிறது என்று இருவரும் ஒரு தாளில் தனித்தனியே எழுதட்டும். ஆளின் பெயரை எழுதினால், பேச்சில் எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கொள்கை என்று எழுதினாலும் அதே கேள்விதான்.