வைரஸ் பேதிக்கு ஆன்டிபயாடிக் ஏன் எழுதவில்லை?

கேள்வி: என் 9 மாத மகனுக்கு முதல் நாள் காய்ச்சலும் வாந்தியும். மறுநாளிலிருந்து தண்ணீர் தண்ணீராகப் பேதி. மருத்துவர் ‘வைரஸ்தான்’ என்று சொல்லி ஓஆர்எஸ்ஸும் ஜிங்க் சிரப்பும் மட்டும் எழுதினார். ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் கொடுத்தாயிற்று. பல் முளைக்கிறது, பாலை நிறுத்து என்கிறார் மாமியார். வேறு மருத்துவரிடம் போகலாமா?

பதில்: வேண்டாம். அவர் எழுதியது சரியான சீட்டு.

முதலில் வாந்தி, காய்ச்சல், அப்புறம் ரத்தமில்லாத தண்ணீர்ப் பேதி என்று வந்தால் கைக்குழந்தைகளில் பெரும்பாலும் அது வைரஸ் வேலை. ரோட்டா, நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ என்று நாலைந்து உண்டு. எது என்று தெரிந்தாலும் வைத்தியம் ஒன்றுதான் என்பதால் மலப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்துப் பேதியை இன்னும் கூட்டவும் செய்யலாம். பேதியை ‘கட்டும்’ மாத்திரையைக் குழந்தைக்குத் தரவே கூடாது.

ரோட்டா வைரஸ் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் செல்களை அழிக்கிறது. புதிய செல்கள் முளைக்கச் சில நாள் ஆகும். அதுவரை பேதி போகத்தான் செய்யும். போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் நம் வேலை. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது கூடவே உப்பையும் இழுத்துக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓஆர்எஸ் இதை நம்பித்தான் செய்யப்பட்டது. அதனால் அளவு மாறக் கூடாது. ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக, ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். தம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று கிள்ளிப் போடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். அது மருந்தே இல்லை. கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். இனிப்பான ஜூஸ், சோடா பானம் எல்லாம் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும்.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ். பாட்டிலில் ஊற்றிக் கடகடவென்று கொடுத்தால் அப்படியே வெளியே வரும். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் போதும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். குழைந்த சாதம், இட்லி, வாழைப்பழம் எல்லாம் தரலாம். ஜிங்க்கை, பேதி நின்றாலும், 14 நாளும் கொடுத்து முடியுங்கள். பல் விஷயத்தில் மாமியாரோடு சண்டை வேண்டாம். பல் முளைக்கும் வயதும், தவழ்ந்துபோய்க் கண்டதை வாயில் வைக்கும் வயதும் ஒன்றுதானே! பழி பல்லின்மேல் விழுந்துவிடுகிறது. ஆனால் வயிற்றில் சிக்கியதை வெளியே எடுப்பதாகச் சொல்லும் ‘தொக்கம்’ எடுக்க மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

சொட்டு மருந்து வீணா? இல்லை. தில்லி, புனே, வேலூரில் சோதித்த நம் நாட்டு ரோட்டா தடுப்பு மருந்து, கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குமேல் குறைத்தது. முழுசாகத் தடுக்காது, மற்ற வைரஸ்களைத் தடுக்கவும் தடுக்காது.

நீங்கள் கவனிக்க வேண்டியது சிறுநீரை. டயப்பரில் தண்ணீர்ப் பேதியும் சிறுநீரும் ஒன்றாக ஊறிவிடுவதால் ஏமாந்துபோவோம். முன்பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்துப் பார்த்தால் தெரியும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, உச்சிக்குழி பள்ளமாகியிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிகிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, குடிக்க மறுக்கிறது, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பச்சை நிற மலம் மட்டும் என்றால் பயப்பட வேண்டியதில்லை.

டயப்பர் மாற்றிய கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸ்களில் சில, முக்கியமாக நோரோ, சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காது. வீட்டில் இரண்டு வயதைத் தாண்டிய மூத்த பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டால் அதே ஓஆர்எஸ்தான், ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மில்லி.