இன்சூரன்ஸ் மறுத்த என்சைம் டிரிப்

கேள்வி: என் மகளுக்கு 6 வயது, எடை 20 கிலோ. வயிறு உப்பிக்கொண்டே போனதால் சோதித்துப் பார்த்ததில் கௌச்சர் நோய் (ஒரு என்சைம் குறைவதால் மண்ணீரலிலும் கல்லீரலிலும் கொழுப்பு தேங்கும் மரபணு நோய்), முதல் வகை என்றார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்சைம் மருந்தை டிரிப்பில் ஏற்ற வேண்டுமாம். ‘பிறவி நோய்’ என்று சொல்லி இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது. பாதி டோஸ் போட்டுச் சமாளிக்கலாமா? மாத்திரை ஏதும் இல்லையா?

பதில்: பாதி டோஸை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். 2009-ல் ஒரு தொழிற்சாலையில் வைரஸ் புகுந்து இந்த மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. அப்போது டோஸைக் குறைத்தவர்கள், நிறுத்தியவர்கள் சிலருக்கு எலும்பு வலி திரும்பியது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கின. சோதனை எண்கள் நன்றாகத் தேறிய பிறகு மருத்துவரே டோஸைக் குறைப்பதுண்டு. அது வேறு.

மாத்திரை இருக்கிறது. 2014-ல் வந்த எலிகுளுஸ்டாட் முதலில் பெரியவர்களுக்கென்றே வந்தது. அதன் விலையும் கொஞ்சநஞ்சமல்ல. இப்போதுதான் சிகிச்சை தொடங்கும் குழந்தைக்கு டிரிப்தான் சரி.

விலை ஏன் இப்படி? 1991-ல் இந்த என்சைமை நஞ்சுக்கொடிகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒரு நோயாளிக்கே ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. 1994-ல் ஆய்வகச் செல்களில் வளர்க்கும் முறை வந்தது. விலை மட்டும் இறங்கவில்லை. நோயாளிகள் குறைவு, போட்டியும் குறைவு என்பதைத் தாண்டி எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

மருந்தை எடைக்கு ஏற்பத்தான் கணக்கிடுவார்கள். கிலோவுக்கு 60 யூனிட் என்றால் உங்கள் மகளுக்கு 1,200 யூனிட். ஒரு குப்பியில் 400 யூனிட், ஆக 3 குப்பி. ஆண்டுக்கு 26 முறை, 78 குப்பி. அவள் 22 கிலோ ஆனதும் 1,320 யூனிட் வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலாவது குப்பியை உடைத்து மிச்சத்தைக் கொட்டினால் ஆண்டுக்கு 104 குப்பி! அதற்குப் பதிலாக இரண்டு முறை 3 குப்பி, மூன்றாம் முறை 4 குப்பி என்று மாற்றி மாற்றிப் போட்டால் சராசரி கிட்டத்தட்ட அதேதான் வரும். மாத அளவு பெரிதாக மாறாதவரை இப்படிச் சரிசெய்ய இடமுண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்பதோடு. ‘பிறவிக் குறைபாடு’ என்பதற்கு அதில் என்ன விளக்கம் இருக்கிறது என்று படியுங்கள். பிறக்கும்போதே தெரியும் உறுப்புக் குறையும், மரபணுவில் இருந்து பின்னாளில் தலைகாட்டும் நோயும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மருத்துவர் தன் கடிதத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். கூடவே என்சைம் அளவு, ஜீன் சோதனை முடிவு இரண்டும் இருக்கட்டும். ‘ரத்தசோகை, மண்ணீரல் வீக்கம்’ என்று மட்டும் எழுதிய கடிதம் எடுபடாது.

இதைவிட முக்கியமானது, பலர் கோட்டை விடுவது, முதல் டிரிப்புக்கு முந்தைய எண்கள். ஹீமோகுளோபின், தட்டணுக்கள், எம்ஆர்ஐ-யில் அளந்த மண்ணீரல், கல்லீரல் கன அளவு, உயரம், எடை. மருந்து வேலை செய்தால் ஒன்றிரண்டு ஆண்டில் வயிறு வற்றிவிடும். அப்போது அனுமதியைப் புதுப்பிக்கப் போனால், “குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள், இன்னும் எதற்கு?” என்பார்கள். பழைய எண்கள் கையில் இல்லையென்றால் பதில் சொல்ல முடியாது. அவசரத்தில் ஸ்கேன் எடுக்காமல் டிரிப்பை ஆரம்பித்துவிடாதீர்கள்.

அனுமதி கிடைத்தாலும் ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, மருந்துக்கு மட்டுமா, ஏற்றும் செலவும் சேர்த்தா என்று கேளுங்கள். வரம்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். மீதிக்கு மருந்து நிறுவனங்களின் இலவச உதவித் திட்டங்களுக்கு மருத்துவர் மூலம் இப்போதே விண்ணப்பியுங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.