சுவிட்சர்லாந்தில் 9 நாள், ரயிலிலேயே பல ஊர்கள்: எப்படித் திட்டமிடுவது? டிக்கெட்டுகளை இங்கிருந்தே முன்பதிவு செய்துவிட வேண்டுமா?

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். சூரிக், லூசெர்ன், இன்டர்லாக்கன், மாண்ட்ரோ, செர்மாட், செயின்ட் மோரிட்ஸ், மறுபடி சூரிக். கிட்டத்தட்ட தினம் ஓர் ஊர், தினம் ஒரு ஹோட்டல், கூடவே அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா. டிக்கெட் கிடைக்குமா என்ற கவலை உங்களுக்கு. எனக்கோ பெட்டியை யார் தூக்குவார்கள் என்ற கவலைதான் முதலில் வந்தது.

முன்பதிவு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வெயிட்டிங் லிஸ்ட், தட்கல் என்று பழகிய நமக்கு நம்பச் சிரமமாக இருக்கும். அங்கே உள்நாட்டுச் சாதாரண ரயில்களில் சீட் முன்பதிவு தேவையே இல்லை. டிக்கெட்டோ, குறிப்பிட்ட நாள்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பயணிக்க உதவும் சுவிஸ் டிராவல் பாஸோ கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறிக் காலியான இடத்தில் உட்காரலாம். மிகவும் மலிவாக விற்கும் சூப்பர் சேவர் டிக்கெட் மட்டும் குறிப்பிட்ட ரயிலுக்குத்தான் செல்லும். 1982லிருந்தே நாடு முழுக்க ஒரே தாளத்தில் ஓடும் கால அட்டவணை அவர்களுடையது. 9.02க்கு ஒரு ரயில் இருந்தால் 10.02க்கும் 11.02க்கும் இருக்கும். பெரிய தடங்களில் அரை மணிக்கு ஒன்று. சூரிக், பெர்ன் போன்ற சந்திப்புகளில் ரயில்கள் எல்லாம் முழு மணிக்கோ அரை மணிக்கோ சற்று முன்னால் வந்து சேர்ந்து, சற்றுப் பின்னால் கிளம்பும். அதனால்தான் சுவிஸ் ரயில்வே செயலியில் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் என்று மாறும் நேரம் காட்டும். பெரியவர்களோடு அந்த ஐந்து நிமிடத்துக்காக ஓடாதீர்கள். அடுத்த ரயிலில் போகலாம், யாரும் அபராதம் கேட்கப்போவதில்லை. சூரிக் பிரதான நிலையத்தில் 31 முதல் 34 வரையும் 41 முதல் 44 வரையும் உள்ள நடைமேடைகள் நிலத்தடியில் இருக்கின்றன. அங்கே மாறுவதென்றால் கூடுதலாகவே நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற சுற்றுலா ரயில்களுக்கு மட்டும் சீட் கட்டணம் தனி, முன்பதிவும் கட்டாயம். பாஸ் இருந்தாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. அதே பாலம், அதே பள்ளத்தாக்கு. இரண்டு மூன்று இடங்களில் மாறி ஏற வேண்டும், அவ்வளவுதான். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து படம் எடுக்கலாம், சுற்றுலா ரயிலின் பெரிய கண்ணாடியில் உங்கள் முகமே பிரதிபலித்துத் தொலைக்கும். இன்னொன்று, 1982ல் ஃபுர்கா அடிவாரச் சுரங்கம் திறந்தபிறகு கிளேசியர் எக்ஸ்பிரஸ் மலைக்கு அடியில் போய்விடுகிறது. எந்தப் பனியாற்றைப் பார்க்க அந்தப் பெயர் வந்ததோ, அந்த ரோன் பனியாறு இப்போது வழியில் தெரியாது.

ஆக, திட்டம் போட வேண்டியது ரயிலுக்கு அல்ல, ராத்தங்கலுக்கு. எட்டு ராத்திரிக்கு நான்கு ஊர் போதும். நான் போட்டால் இப்படிப் போடுவேன்: லூசெர்னில் 2, லாட்டர்புரூன்னன் பள்ளத்தாக்கில் 3, செர்மாட்டில் 1, கூர் நகரில் 2. மாண்ட்ரோவை வெட்டிவிட்டேன். நல்ல ஊர்தான், ஆனால் இந்தச் சுற்றில் அது மேற்கே ஒதுங்கிக் கிடக்கிறது.

சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். லூசெர்னுக்கு நேர் ரயில், ஒரு மணி நேரமும் சொச்சமும். மறுநாள் படகில் வீட்ஸ்னாவ் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ரிகி மலை ஏறுங்கள். 1871ல் திறந்தது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். சுவிஸ் டிராவல் பாஸில் படகும் மலை ரயிலும் அடக்கம்.

லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்கு புரூனிக் கணவாய் வழியாகப் போகும் ரயிலில் வலப்பக்கம் உட்காருங்கள். சார்னன், லுங்கர்ன் ஏரிகள் அந்தப் பக்கம்தான். மெய்ரிங்கனில் ரயில் திசை மாறித் திரும்பும். எல்லோரும் பதறி இடம் மாறுவார்கள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், அடுத்து வரும் பிரியன்ஸ் ஏரியும் உங்கள் ஜன்னலுக்கே வரும்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் மலைக்குப் போகும் ரயிலில் கவனம் தேவை. ஒரே ரயில் ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புரூன்னனுக்கும் மறுபாதி கிரிண்டெல்வால்டுக்கும் போகும். ஏறும் முன் பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். குடும்பம் இரண்டு பெட்டிகளில் பிரிந்து ஏறிவிட்டால் சாயங்காலம்தான் சேர முடியும் என்று விளையாட்டாகச் சொல்வேன். உண்மையில் அரை மணியில் சேர்ந்துவிடலாம், ஆனால் அந்த அரை மணி அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

யுங்ஃபிராவ்யோக் போவதா வேண்டாமா என்பது பெரிய கேள்வி. 1912ல் திறந்த நிலையம், 3,454 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். டிராவல் பாஸ் வெங்கன் அல்லது கிரிண்டெல்வால்டு வரை செல்லும், அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. அந்த மிச்சத் தொகையே கையைக் கடிக்கும். போவதென்றால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிப் பூட்டிக்கொள்ளாதீர்கள். காலையில் எழுந்ததும் உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள், மேகம் மூடி வெள்ளையாக இருந்தால் அன்று போகாதீர்கள். அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், அப்பாவுக்கு இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால் பாஸிலேயே அடங்கும், லாட்டர்புரூன்னனுக்கு மேலே இருக்கும் முர்ரன் கிராமம் போதும். ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் சிகரங்கள் மூன்றும் எதிரே வரிசையாக நிற்கும், செலவு ஒரு காபியோடு முடிந்துவிடும்.

மழை நாள் வந்தால் பெர்ன் போங்கள், இன்டர்லாக்கனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான். அங்கே ஐரோப்பாபிளாட்ஸ் நிலையத்தருகே, 2014ல் திறந்த 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்துக்குள் ஈழத்தமிழர்களின் சைவக் கோயில் இருக்கிறது. 80களிலிருந்து வந்து வேரூன்றிய மக்கள். ரயிலில் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பேச்சுக் கொடுங்கள்.

லாட்டர்புரூன்னனிலிருந்து செர்மாட்டுக்கு இன்டர்லாக்கன் ஓஸ்ட், ஸ்பீட்ஸ், விஸ்ப் மூன்றிலும் மாற வேண்டும். ஊருக்குள் பெட்ரோல் கார் கிடையாது. போய்ச் சேர்ந்த அன்றே மேட்டர்ஹார்ன் சிகரம் தெரிந்தால் உடனே கோர்னர்கிராட் மலை ரயிலைப் பிடியுங்கள், பாஸுக்குப் பாதிக் கட்டணம். தெரியாவிட்டால் மறுநாள் அதிகாலை ஒரு வாய்ப்பு. பிறகு ஆண்டர்மாட், 2,033 மீட்டர் உயர ஓபரால்ப் கணவாய், டிசன்டிஸ் வழியாக கூர். கிளேசியர் எக்ஸ்பிரஸின் தடம்தான், சாதாரண ரயிலில். பெரும்பகுதி பகல் அதற்கே போய்விடும், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

செயின்ட் மோரிட்ஸில் தங்குவதைவிட கூரில் தங்கினால் பணம் மிச்சம். மறுநாள் வெறும் பையோடு ஆல்புலா, பெர்னினா தடங்களில் ஆல்ப் கிரும் வரை போய்த் திரும்பலாம். 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தில் ரயில் வளைந்து நேராகப் பாறைச் சுரங்கத்துக்குள் நுழையும். இத்தாலியின் திரானோ வரை போனால் அன்று முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு வேண்டாம்.

பாஸா, கட்டணத்தைப் பாதியாக்கும் ஹாஃப் ஃபேர் கார்டா என்பதை மனக்கணக்கில் முடிவு செய்யாதீர்கள். சுவிஸ் ரயில்வே செயலியில் மேலே சொன்ன ஒவ்வொரு பயணத்துக்கும் பாதிக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து, கார்டு விலையையும் சேர்த்துக் கூட்டி, 8 நாள் பாஸோடு ஒப்பிடுங்கள். யுங்ஃபிராவ்யோக் கண்டிப்பாகப் போவீர்கள் என்றால் கார்டு ஜெயிக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அங்கே அதற்குப் பாதிக் கட்டணம். இல்லையென்றால் பாஸ் நிம்மதி. ஒன்பதாம் நாள் கூர்–சூரிக் பயணத்துக்குத் தனி டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

விசாவுக்குத் தங்குமிட விவரம் கேட்பார்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளாகப் பார்த்துப் போடுங்கள். சமையலறை உள்ள வீடு கிடைத்தால் லாட்டர்புரூன்னனில் அதை எடுங்கள், வெளியில் நான்கு பேர் சாப்பிடும் செலவில் பாதி ரயில் செலவு அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். திரும்பும் விமானம் காலையில் என்றால் மட்டும் கடைசி இரவைக் கூரிலிருந்து சூரிக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.