வெளிநாட்டு வரிச் சட்டம் அடிக்கடி மாறுகிறதே, என் மகள் இந்தத் துறைக்குப் போகலாமா?

அம்மா, உங்கள் மகள் சர்வதேச வரித் துறைக்குத்தான் போவேன் என்கிறாள், நீங்களோ ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறதே, இன்று படித்தது நாளைக்கு உதவாமல் போனால் என்ன செய்வது என்று பயப்படுகிறீர்கள். சட்டம் மாறுவதால்தான் அந்த வேலையே இருக்கிறது. ஒரு கணக்கோடு சொல்கிறேன், அவளிடமும் காட்டுங்கள்.

ஜெர்மனியின் டாய்ச் பேங்க் 2017-இல் வரிக்கு முன் சுமார் 120 கோடி யூரோ லாபம் பார்த்தது. வரிச் செலவு 190 கோடிக்கு மேல்! எஃபெக்டிவ் டாக்ஸ் ரேட், அதாவது லாபத்தில் வரிச் செலவு எத்தனை சதவீதம் என்பது, கிட்டத்தட்ட 160 சதவீதம், கடைசியில் வருஷம் நஷ்டத்தில் முடிந்தது. அந்த வங்கிக்கு அமெரிக்காவிலும் தொழில் உண்டு, அடி அங்கிருந்துதான் வந்தது. இத்தனைக்கும் அமெரிக்கா அப்போது கம்பெனி வரியை ஏற்றவில்லை, 35 சதவீதத்திலிருந்து 21-ஆகக் குறைத்தது. வரி குறைந்தால் செலவு எப்படிக் கூடும்? 100 டாலர் பழைய நஷ்டம் இருந்தால், 35 சதவீத விகிதத்தில் அது பிற்காலத்தில் 35 டாலர் வரியை மிச்சப்படுத்தும், அதை டெஃபர்ட் டாக்ஸ் சொத்து என்று கணக்கில் வைத்திருப்பார்கள். விகிதம் 21 ஆனதும் அது 21 டாலர்தான் பெறும், மீதி 14 டாலரை உடனே செலவாக எழுத வேண்டும். கையிலிருந்து ஒரு காசு போகாது, ஆனால் எஃபெக்டிவ் விகிதம் எகிறிவிடும். புது விகிதம் 2018 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது, ஆனால் கையெழுத்து 2017 டிசம்பர் 22-இல் விழுந்துவிட்டதால் அடி அந்த வருஷக் கணக்கிலேயே விழுந்தது. இதற்கு நேர்மாறாக, பிற்காலத்தில் கட்டவேண்டிய டெஃபர்ட் டாக்ஸ் பொறுப்பு அதிகம் வைத்திருந்த கம்பெனிகளுக்கு அதே சட்டம் பெரிய லாபமாக அமைந்தது.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொன்று. பிரிட்டன் தன் கம்பெனி வரியை 19-லிருந்து 25 சதவீதமாக ஏற்றியது 2023 ஏப்ரலில். ஆனால் அந்த மசோதா 2021 மே 24-இல் ஏறக்குறைய நிறைவேறியதாகக் கருதப்பட்டது, அரசியின் ஒப்புதல் ஜூன் 10-இல் கிடைத்தது. அந்த மே 31-இல் கணக்கை முடிக்கும் கம்பெனி ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கு முறையில் இருந்தால், அதற்கு மே 24-தான் கணக்கு, 2023 ஏப்ரலுக்குப் பின் தீரப்போகும் டெஃபர்ட் டாக்ஸுக்கு 25-ஐப் போட வேண்டும். அமெரிக்கக் கணக்கு முறையில் இருந்தால் ஒப்புதல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் இன்னும் 19-தான். இந்தத் தேதியைக் கவனித்துச் சொல்கிற ஆள்தான் கம்பெனிக்கு வேண்டும்.

சாஃப்ட்வேர் வந்துவிட்டதே என்பீர்கள். பெருக்கல் கணக்கை அது செய்துவிடும், சரி. ஆனால் அந்தப் பழைய நஷ்டத்தை ஈடுகட்ட வரும் வருஷங்களில் போதுமான லாபம் வருமா என்று முடிவெடுத்து ஆடிட்டரிடம் வாதாட மனிதர் வேண்டும். இப்போது 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்கு ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தபட்சம் 15 சதவீதம் என்ற விதியையும் பல நாடுகள் சேர்த்திருக்கின்றன. 12.5 சதவீதத்துக்குப் பேர்போன அயர்லாந்துகூட இந்தப் பெரிய குழுமங்களுக்கு 2024 முதல் 15 ஆக்கிவிட்டது. வேலை கூடத்தான் செய்யும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வருஷக் கணக்கு முடிக்கும் வாரங்களில் தூக்கம் கெடும், அதை அவள் தெரிந்துகொண்டே வரட்டும்.

முதலில் அக்கவுண்டிங்கில் அடித்தளம் போடச் சொல்லுங்கள்: சிஏ, ஏசிசிஏ, சிபிஏ என்ற கணக்காளர் தகுதிகளில் எதுவானாலும் சரி. சர்வதேச வரிக்கான ஏடிஐடி போன்ற படிப்பெல்லாம் அப்புறம். வருமான வரியைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் சர்வதேசக் கணக்குத் தரமான ஐஏஎஸ் 12-ஐ மட்டும் சுருக்கக் குறிப்பில் படிக்காமல் மூலத்திலேயே படிக்கட்டும்.

எந்தக் கட்டணமும் கட்டுவதற்கு முன்னால் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் 2017, 2018 ஆண்டறிக்கைகளை இறக்கி, வருமான வரிக் குறிப்பில் சட்டப்படியான விகிதம் எஃபெக்டிவ் விகிதமாக மாறுவதைக் காட்டும் அட்டவணையை இரண்டு வருஷத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஏன் மாறியது என்று தோண்டத் தோன்றினால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் சலித்துவிட்டால் என்னிடம் திரும்ப வாருங்கள், வேறு வழி பார்க்கலாம்.