தோட்டத்துக் கடிதங்கள்: அரசாணிக் கொடியைப் பிளக்கலாமா?

"அம்மா, வணக்கம். வீட்டுக்குப் பின்னால் அரசாணி (மஞ்சள் பூசணி) போட்டிருக்கிறேன். ஒரு கொடி பகலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்துகொண்டிருந்தது. இப்போது நிமிர்வதே இல்லை. அடித்தண்டில் ஓட்டை, அதிலிருந்து ஈர மரத்தூள் மாதிரி வழிகிறது. அமெரிக்க வீடியோ ஒன்றில் ஆரஞ்சு நிற அந்துப்பூச்சிதான் காரணம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் குருணை மருந்து போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?"
- வாசகி, கோத்தகிரி

குருணை வேண்டாம்மா. வேர் வழியாகத் தண்டு, இலை, காய் எல்லாவற்றுக்கும் ஏறுகிற விஷம் அது. கொழுந்தையும் பூவையும்கூடப் பறித்துப் பொரியல் செய்கிறவர்கள் நாம். சரிவு நிலத்தில் ஒரு மழை பெய்தால் மிச்ச மருந்து கீழே இருக்கிற ஊற்றுக்குத்தான் போகும்.

வீடியோவில் பார்த்த ஆரஞ்சுப் பூச்சி வட அமெரிக்காவுக்குச் சொந்தமானது. பூச்சி எந்த மாதம் வரும் என்று அவர்கள் சொல்லும் கணக்கு நமக்கு உதவாது. நம் பக்கம் கொடியைத் துளைப்பவை வேறு. ஒன்று, வெள்ளைப் புள்ளி வைத்த சாம்பல் நிற நீளக்கொம்பு வண்டின் புழு. இன்னொன்று, அமெரிக்கப் பூச்சிக்குப் பங்காளியான கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சியின் புழு. இது புடலையில்தான் அதிகம்; தண்டு முடிச்சு முடிச்சாக வீங்கும். வண்டுப் புழுவுக்குக் கால் தெரியாது, அந்துப்பூச்சிப் புழுவுக்கு முன்பக்கம் கால் இருக்கும். எதுவாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்.

வெயில் தாழ்ந்ததும் புது பிளேடு எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டையிலிருந்து தண்டின் நீளவாக்கில் கீறுங்கள், குறுக்கே வெட்டிவிடாதீர்கள். நரம்பு நீளவாக்கில் ஓடுவதால் இந்தக் கீறலைக் கொடி தாங்கும். உள்ளே வெள்ளைப் புழு கிடக்கும். ஹேர்பின்னால் எடுத்து நசுக்குங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாமல் மேலும் கீழும் கொஞ்சம் தேடுங்கள். பிறகு பிளந்த தண்டைச் சேர்த்து வைத்து, ஈரமண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து மூடிவிடுங்கள்.

இத்தோடு வேலை முடியாது. கொடியை உண்மையில் காப்பாற்றுவது கணுதான். தரையில் ஓடும் அரசாணிக் கொடியின் ஒவ்வொரு கணுவும் வேர் விடத் தயாராக இருக்கிறது. இரண்டு மூன்று இலைக்கு ஒரு கணுவை மண்ணில் அழுத்தி, மேலே ஒரு கை மண் போட்டு, ஈரம் காயாமல் பாருங்கள். அந்த வேர் பிடித்துவிட்டால் அடித்தண்டு செத்தாலும் நுனி காய்க்கும். இங்கே பண்ணைக்காடு ஊரில், காப்பி மரங்களுக்கு நடுவே கிடைக்கிற வெளிச்சத்தில் நான் விடும் எல்லாக் கொடிக்கும், புழு வந்தாலும் வராவிட்டாலும், இதைச் செய்துவிடுவேன். நல்லாயிருக்கிற உங்கள் கொடிகளுக்கும் இன்றைக்கே செய்யுங்கள்.

ஓட்டையும் தூளும் இல்லாமல் ஒரு கொடி வாடி, அறுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்போடியிருந்தால் அது மண்ணிலிருந்து வரும் வாடல் நோய். அதைப் பிளந்து பயனில்லை, பிடுங்கிவிடுங்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசல் புழு உள்ளே போவதற்கு முன்புதான் உதவும். அரைக்கிலோ கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டிப் பத்து லிட்டர் ஆக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடித்தண்டில் தெளியுங்கள். காலையில் வேண்டாம், பூவில் தேனீ இருக்கும்.

காய்த்து முடிந்த கொடியைக் குப்பைக்குழியில் போடாதீர்கள். எரியுங்கள், மழையில் எரியாது என்றால் ஆழமாகப் புதையுங்கள். வேலியில் கோவைக்கொடி இருந்தால் அதையும் பாருங்கள், வண்டு அதிலும் தங்கும். அடுத்த முறை விதை வாங்கும்போது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 போன்ற நாட்டு வகை அரசாணியைக் கேளுங்கள். தண்டு கெட்டியானது. ஊட்டிப் பக்கம் ஹோட்டலுக்காகப் போடுகிற சுக்கினி என்ற சீமைப் பூசணி வகையில் தண்டு மெத்தென்று இருக்கும், படர்ந்து வேர்விடவும் செய்யாது. அதில் புழு விழுந்தால் பெரும்பாலும் செடியே போய்விடும்.

"பூசணிப் பிஞ்சு எலுமிச்சை அளவில் மஞ்சளாகி உதிர்கிறது. இதுவும் துளைப்பான் வேலையா?"
- வாசகர், தாண்டிக்குடி

இல்லை தம்பி. கொடி நன்றாக இருந்து பிஞ்சு மட்டும் உதிர்ந்தால், பெண் பூவுக்கு மகரந்தம் சேரவில்லை. மூடுபனியில் தேனீ கிளம்பாது. காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். உதிர்ந்த பிஞ்சை அறுத்துப் பாருங்கள். உள்ளே சிறு புழு நெளிந்தால் அது பழ ஈ. அப்படிப்பட்ட பிஞ்சுகளை அன்றன்றே பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.