சாமிக்கு மொட்டை என்று சொல்லலாமா?

வணக்கம்.

நாங்கள் கொடைக்கானல் பக்கம் பூம்பாறை. ஐந்து வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் கீமோ தொடங்கி ஒரு வாரமாகிறது. முடி கொட்டிவிடும் என்றார் டாக்டர். அவளுக்கு இரட்டைச் சடை என்றால் உயிர். 'நம் ஊர் முருகன் குழந்தை வேலப்பருக்கு மொட்டை என்று சொல்லிவிடு' என்கிறார் என் மாமியார். அப்படிச் சொல்லலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம். மாமியார் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் கோயில் மொட்டை என்றால் அடுத்த வாரமே முள்ளு முள்ளாக முளைக்கும் என்பது ஐந்து வயதுக்கும் தெரியும். இவளுக்கு முளைக்காது. 'சாமிக்கு என்மேல் கோபம்' என்று முடிவுகட்டிவிடுவாள். எது நடந்தாலும் தன்னால்தான் என்று நினைக்கிற வயது அது. நேர்த்திக்கடன் இருந்தால் சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்தபின் டாக்டரைக் கேட்டுச் செலுத்துங்கள். வேலப்பர் காத்திருப்பார்.

இன்றே சொல்லிவிடுங்கள். முதல் மருந்து ஏறிய இரண்டு, மூன்று வாரங்களில் பொதுவாகக் கொட்டத் தொடங்கும். "கண்ணு, இது ரொம்ப பலமான மருந்து. வேகமா வளர்றத எல்லாம் நிறுத்திடும். நோயும் வேகமா வளருது, முடியும் வேகமா வளருது. அதனால முடி கொட்டும், வலிக்காது, அப்புறம் வளர்ந்துடும். நீ தப்பு எதுவும் பண்ணல." இவ்வளவு போதும். கடைசி வரியை மட்டும் அடிக்கடி சொல்லுங்கள். எப்போது வளரும் என்று தேதி சொல்லாதீர்கள். நடுவில் முளைத்தது, தீவிர மருந்துக் கட்டம் வந்தால் மறுபடி கொட்டலாம்.

கொட்டுவதற்குமுன் தோள்வரை, பிறகு காதுவரை என்று வெட்டுங்கள். வெட்டிய சடையை ரிப்பனோடு வைத்துக்கொள்ள அவள் கேட்டால் கொடுங்கள். முழுக்க எடுப்பதென்றால் ட்ரிம்மரால் சில மில்லிமீட்டர் விட்டு எடுக்கவேண்டும். சவரக்கத்தி கூடவே கூடாது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் குறைந்திருக்கும்போது சிறு கீறலிலும் கிருமி தொற்றலாம், ரத்தம் எளிதில் நிற்காது. மொட்டைக்குச் சந்தனம், மூலிகை எண்ணெய், வெங்காயச் சாறு எதுவும் தடவாதீர்கள்.

பிள்ளைகளை உண்மையில் படுத்துவது இரவுதான். உதிர்ந்த முடி வாயில் போகும், வியர்த்த கழுத்தில் ஒட்டி அரிக்கும். படுக்கும்போது குல்லா போட்டுவிட்டால் முடி அதற்குள்ளேயே விழும். காலையில் அவள் எழுமுன் தலையணையில் செல்லோடேப்பை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

கொடைக்கானல் கடைகளில் விற்கும் கம்பளிக் குல்லா வெறுந்தலையில் குத்தும். அப்பாவின் பழைய பருத்தி டி-ஷர்ட்டின் அடிப்பகுதியில் 50 செ.மீ. நீளம், 28 செ.மீ. உயரம் வெட்டுங்கள். துணி இழுபடும் பக்கம் தலையைச் சுற்றி வரவேண்டும். பக்கத்தைத் தைத்து, மேல் விளிம்பில் நூலோட்டிச் சுருக்கிக் கட்டுங்கள். தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் உறுத்தும். சட்டையின் மடிப்பே நெற்றி விளிம்பு. குளிருக்குக் கம்பளியை இதன்மேல் போடலாம். மலையில் வெயில் உறைக்காது, ஆனால் தோலைச் சுடும். பகலிலும் குல்லா வேண்டும். விக் இந்த வயதில் நழுவும், அரிக்கும். அவளே கேட்டால் பார்க்கலாம்.

அப்பாவும் மொட்டை போடலாமா என்பதை அவளிடமே கேளுங்கள். 'அப்பாவுக்கும் நோயா' என்று பயந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு.

பஸ்ஸில் யாராவது "பழனிக்கு மொட்டையா பாப்பா?" என்று கட்டாயம் கேட்பார்கள். "மருந்து சாப்பிடுறேன், வளர்ந்துடும்" என்ற பதிலை வீட்டிலேயே பொம்மையை வைத்துச் சொல்லிப் பழக்குங்கள். பேசப் பிடிக்காத நாளில் அவள் உங்கள் கையை அழுத்தட்டும், நீங்கள் சொல்லிவிடுங்கள்.