எடை எழுதி முடியும்வரை நகராதீர்கள்

அன்புள்ள அக்கா,

போன வாரம் கூடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, நடுவட்டம் வளைவுகளில் தலைசுற்றலோடு ஊட்டிக்கு வந்து, வேலைக்கு வழி சொல்லும் என் அறையில் என் எதிரில் உட்கார்ந்தீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, “எம் பொண்ணு வேலைல ஏதாவது குறை இருக்கா மேடம்?” என்பதுதான். அடுத்தவர்கள் காத்திருந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல பெற்றோர் வருவதால், பெயர் எதுவும் தெரியாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதச் சம்மதித்தீர்கள். அதற்கு நன்றி.

குறை இல்லை அக்கா. உங்கள் மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படித்தவள். குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மூன்று வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறாள். லீவு எடுப்பதில்லை, யாரோடும் சண்டை இல்லை. அவளுக்கு ஒரு வருடம் கழித்துச் சேர்ந்த பையனைப் போன மாதம் தரப் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. உங்களிடம் போனில் அழுததோடு சரி. “நாங்க அப்படித்தான் வளத்தோம், செய்யுற வேலைய ஒழுங்கா செஞ்சா போதும், பாக்குறவங்க பாப்பாங்கன்னு” என்று சொன்னீர்கள். அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

நீங்கள் டான்டீயில், அதாவது அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில், இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் கொழுந்து பறித்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் உங்களுடையது. உங்கள் அம்மாவுக்கும் அந்தத் தோட்டம்தான் சோறு போட்டது. அப்படியானால் எடை போடும் இடத்தை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சாக்கு தராசில் ஏறுகிறது. சூப்பர்வைசர் எண்ணைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார், அப்புறம் நோட்டில் எழுதுகிறார். எழுதி முடிக்கிறவரை நீங்கள் அங்கிருந்து நகர மாட்டீர்கள், இல்லையா? மழை கொட்டினாலும், இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று பார்ப்பீர்கள். 18 கிலோவை 16 என்று எழுதினால், “அண்ணே, பதினெட்டு” என்று சொல்வீர்கள். அதை யாராவது தற்பெருமை என்று சொன்னதுண்டா? உழைத்ததைக் கணக்கில் ஏற்றுவது என்றுதான் அதற்குப் பெயர்.

உங்கள் மகளின் வேலைக்குத் தராசு கிடையாது. அவள் ஒரு நாளில் எத்தனை கிலோ கவனத்தை அந்தத் தொழிற்சாலையில் போட்டாள் என்று சாயங்காலம் யாரும் எடை போட்டு எழுதுவதில்லை. வேலையில் நம் உழைப்பு பார்வைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான். மேனேஜர் முன்னால் அடிக்கடி போய் நிற்பதும், பிறந்த நாளுக்கு முதல் ஆளாக வாழ்த்துச் சொல்வதும் இதில் சேராது. தராசு இல்லாத வேலைக்குத் தராசை அவளே கொண்டுபோக வேண்டும், எண் எழுதப்படுகிற வரை நிற்கவும் வேண்டும்.

மலையில் இது கொஞ்சம் கூடுதல் சிக்கல். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவள் யார் வீட்டுப் பெண், எந்த டிவிஷன், அண்ணன் எங்கே வேலை பார்க்கிறான், எந்தக் கோயில் திருவிழாவுக்கு வருவாள், எல்லாம் தெரியும். அதனாலேயே நம் பிள்ளைகள், “நம்மைத்தான் எல்லாருக்கும் தெரியுமே” என்று இருந்துவிடுகிறார்கள். அவள் செய்கிற வேலை மட்டும் யாருக்கும் தெரியாது. பதினைந்து வருடமாக இந்த மலைப் பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். திறமை இருந்தும் தேங்கி நிற்பவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன். பேச்சுவாக்கில் நீங்களே சொன்னதுதான். போன அக்டோபர் சீசனில், இரவு ஷிஃப்டில் வந்த தூளை அவள் காலையில் பரிசோதிக்கும்போது மூன்று நாள் தொடர்ந்து ஈரப்பதம் கூடுதலாக இருந்திருக்கிறது. தூளை உலர்த்தும் டிரையரிலிருந்து வரும்போது 3 சதவீதம் பக்கத்தில் இருக்க வேண்டியது 5-ஐத் தொட்டிருக்கிறது. மழையில் நனைந்த இலை லாரி லாரியாக வந்து குவிய, ராத்திரியில் அவசரத்துக்கு டிரையருக்குள் தூளைக் கனமாகத் தள்ளியிருக்கிறார்கள். இவள் மூன்று நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அவரும் சரிசெய்துவிட்டார். ஈரம் கூடிய தூள் மூட்டையிலேயே மணம் போய்விடும், குன்னூர் ஏலத்தில் ருசி பார்க்கிறவர் ஒரு வாய் உறிஞ்சியதுமே கண்டுபிடித்துவிடுவார். எத்தனை மூட்டை தப்பித்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இதை அவள் உங்களிடம் சொன்னாள், நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அவளுடைய மேனேஜருக்கு மட்டும் தெரியாது! பொறுப்பாளர் பதவிக்கு யாரைப் போடலாம் என்று அவர் யோசித்தபோது அந்த மூன்று காலைகள் அவர் மனதில் இல்லவே இல்லை. இருந்திருக்கவும் வழியில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. இருபத்தாறு வயதில் கோவையில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். மாதாமாதம் ஒரு பெரிய கணக்கு அட்டவணை நான்தான் தயாரிப்பேன், இரண்டு ராத்திரி உட்கார்ந்து. ஒரு கூட்டத்தில் தலைமை அதிகாரி அந்தத் தாளைக் கையில் தூக்கி, “இதை யார் பண்ணது? ரொம்பத் தெளிவா இருக்கே” என்று கேட்டார். யாராவது என் பெயரைச் சொல்வார்கள் என்று மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்தவர், “நாங்கதான் சார்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவரும் அந்தப் பிரிவுதான். நான் வாயைத் திறக்க எனக்கு மூன்று விநாடி இருந்தது. அந்த மூன்று விநாடி இன்றுவரை என்னை உறுத்துகிறது. உங்கள் மகளுக்கு அது வேண்டாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, அவள் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நோட்டு. தொழிற்சாலையின் பதிவேடு வேறு, இது அவளுடையது. சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலில் பத்து நிமிடம் உட்கார்ந்து நாலு வரி எழுதட்டும்: இந்த வாரம் எதைக் கவனித்தேன், யாரிடம் சொன்னேன், எந்த எண் மாறியது. “நன்றாக உழைத்தேன்” என்பதெல்லாம் அதில் வேண்டாம். தேதியும் எண்ணும் போதும். ஒரு வருடம் கழித்துச் சம்பள உயர்வு பற்றிப் பேசப் போகும்போது, அல்லது வேறு இடத்தில் இன்டர்வியூவுக்குப் போகும்போது, அந்த நோட்டுதான் பேசும்.

அடுத்து, அவள் தினமும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற அந்த ஈரப்பதக் கணக்கு. என்னிடம் காட்டினீர்களே, வெறும் எண்கள். அதை யாரும் படிப்பதில்லை, கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கட்டும். இப்படி: “நேற்று இரவு இரண்டாவது டிரையரில் ஈரப்பதம் 5 வரை போனது. டீ மேக்கர் அண்ணனிடம் சொன்னேன், அவர் தூள் விடும் அளவைக் குறைத்தார். காலை 9 மணி சாம்பிள் 3.1.” இவ்வளவுதான். இதில் பெருமை எங்கே இருக்கிறது? ஆனால் யார் கவனித்தார், யார் சரிசெய்தார், என்ன நடந்தது என்று மூன்றும் பதிவாகிவிட்டது.

டீ மேக்கர் அண்ணன் பெயர் அதில் வந்தே ஆக வேண்டும் என்பதை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். அவர் இருபது வருடமாக அந்த இயந்திரங்களோடு இருப்பவர். வாசனையை வைத்தே டிரையர் சூட்டைச் சொல்வார். அவரைத் தாண்டி மேலே போய் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நாளிலிருந்து எந்த விவரமும் அவளுக்குக் கிடைக்காது. அவர் செய்ததை அவர் பெயரிலும், இவள் செய்ததை இவள் பெயரிலும் சொல்ல வேண்டும். நம் பெண்கள் இரண்டாவதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். “நாங்க பாத்தோம் சார்” என்பார்கள். தனியாகப் பார்த்ததற்கு “நான்” என்று சொல்லப் பழக வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகினாலும் தப்பில்லை.

காலையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து ருசி பார்ப்பார்களே, அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி கேட்கட்டும். தொந்தரவு செய்யாமல் பத்து நிமிடம் நின்றால் போதும். அப்புறம், ஏலத்துக்குப் போன சரக்குக்கு என்ன விலை வந்தது, தரகர்கள் என்ன எழுதினார்கள் என்ற விவரம் வாராவாரம் தொழிற்சாலைக்கு வரும். அதைப் பார்க்கக் கேட்கட்டும். தன் ஈரப்பதக் கணக்கையும் அந்த விலையையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஆரம்பித்தால், இரண்டே மாதத்தில் அந்தக் கட்டடத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு தாள் அவளிடம் இருக்கும். முதலாளிக்கு 100 கிலோ பச்சை இலைக்கு 22 கிலோ தூள் வந்ததா 23 வந்ததா என்பதுதான் தூக்கத்திலும் ஓடும். ஈரம் இருந்தால் எடை கூடும் என்று, அந்தக் கணக்கை ஏற்றிக் காட்ட ஈரத்தோடு தூளை இறக்கினால் ஏலத்தில் அடி விழும் என்று ஆதாரத்தோடு காட்ட முடிகிற ஆளை யாராலும் ஒதுக்க முடியாது. வேதியியல் படித்தது இதற்குத்தான் அக்கா.

குன்னூரில் 1893-இல் தொடங்கிய உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் இருக்கிறது, தேயிலை வாரியத்தின் அலுவலகம் இருக்கிறது. பயிற்சி, கருத்தரங்கு என்று ஏதாவது வந்து, யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தால், “நான் போறேன் சார்” என்று முதலில் அவள் சொல்லட்டும். திரும்பி வந்து கேட்டதை ஐந்து நிமிடம் மற்றவர்களுக்குச் சொன்னாலே போதும்.

இனி, நேரடியாகக் கேட்பது. இதற்குத்தான் அவள் பயப்படுகிறாள், நீங்களும் பயப்படுகிறீர்கள். நேரம் முக்கியம். மே மாதத்திலும் அக்டோபரிலும் கேட்டில் லாரி வரிசை நிற்கும்போது போய்க் கேட்டால் யாராக இருந்தாலும் எரிந்து விழுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழுந்து கொழுந்து குறைந்துவிடும், மேனேஜருக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும். அப்போது பகலில், ஆபீஸ் அறையில், “சார், பத்து நிமிஷம் பேசணும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகட்டும். “அவனுக்கு ஏன் கொடுத்தீங்க” என்று ஆரம்பிக்கவே கூடாது. “சார், அடுத்த பொறுப்பு வரும்போது என்னையும் யோசிக்கணும்னு கேக்க வந்தேன். அதுக்கு நான் இன்னும் என்ன கத்துக்கணும்னு சொல்லுங்க” என்று கேட்கட்டும். அவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளட்டும். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து வைத்து, “நீங்க சொன்னதுல இதை முடிச்சுட்டேன் சார்” என்று காட்ட வேண்டும்.

முதலாளிக்குத் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லவா என்று கேட்டீர்கள். வேண்டாம் அக்கா, தயவுசெய்து வேண்டாம். அப்படி ஒரு போன் போனால், இனிமேல் அவளுக்கு எது கிடைத்தாலும் சிபாரிசில் வந்தது என்றுதான் பேசுவார்கள். மூன்று வருட உழைப்பும் அந்த ஒரு போனுக்குள் போய்விடும்.

மேலதிகாரிகளோடு அடிக்கடி பேசினால் ஊரில் ஏதாவது சொல்வார்களே என்று தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் பகலில், ஆபீஸில், எழுத்தில் என்கிறேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லை பற்றிய பெண்களின் புகாரைக் கேட்க ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்கே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அவள் தெரிந்துவைத்திருக்கட்டும்.

வேலையை விட்டுவிட்டுத் திருப்பூரில் இருக்கும் சித்தப்பா பெண்ணோடு போய்விடட்டுமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம். வரும் ஜனவரியில் கேட்டு, அடுத்த அக்டோபர் சீசன் முடிகிற வரை பார்க்கட்டும். இவ்வளவும் செய்தும் அங்கே ஒன்றும் அசையவில்லை என்றால் நானே அவளுக்கு வேறு இடம் தேடித் தருகிறேன். இன்று போனால் வெறுங்கையோடு, கோபத்தோடு போவாள். அன்று போனால் நோட்டோடு போவாள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்டு முடித்தபிறகு, “இந்த வாரம் குரூப்ல என்ன எழுதின?” என்றும் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சல்படுவாள். விடாதீர்கள். தராசுப் பக்கத்தில் நீங்கள் நின்ற கதையை அவளுக்கு ஒருதரம் சொல்லுங்கள். அவள் கேட்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கல் லீவுக்கு அவள் வரும்போது ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சனிக்கிழமை மதியம்வரை அறையில் இருப்பேன். மேனேஜரிடம் பேச வேண்டியதை ஒருமுறை என்னிடம் பேசிப் பார்க்கட்டும். நோட்டைக் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் அக்டோபரின் அந்த மூன்று காலைகளையும் எழுதியிருக்கட்டும், தேதியோடு.